நாசிக்கிலிருந்து வந்தது

காலை ஒன்பதுக்குக் குழாயில் ஊதினேன்.
இரண்டு புள்ளி பூஜ்யம் நாலு.
நேற்று இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது.
நோட்டில் எழுதிவிட்டு
நேற்றைய ஒன்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குர்லா ஸ்டேஷன் பாலத்தடியில்
பத்தொன்பது வருடம் கறுப்புக் கோட்டு போட்டவள் நான்.
இறங்கி வரும் கால்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
எந்தக் காலிடம் டிக்கெட் இல்லையென்று.
பரீட்சை என்றவனை விட்டதில்லை.
ஆஸ்பத்திரி என்றவளை விட்டதில்லை.
'ஞானக்கனி மேடத்துக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது'
என்று புக்கிங் கிளார்க் சொன்னபோது
பெருமையாகத்தான் இருந்தது.
அப்போதே உள்ளே காயத் தொடங்கியிருந்ததோ என்னவோ.

தலைக்குமேல் கூரை இரும்பில் புறாக்கள்.
எச்சம் உலர்ந்து தூளாகி
எல்லார் மேலும்தான் விழுந்தது:
வடாபாவ் கடை ராம்சூரத் மேல்,
ஷூ பாலிஷ் பையன் மேல்,
தினம் கடந்துபோன லட்சம் பேர் மேல்.
அவர்கள் தும்மிவிட்டுப் போனார்கள்.
என் ரத்தத்துக் காவல்காரர்கள் மட்டும்
ஒரு இறகுத் துகளைப் பிடித்துவைத்து
ஆறு வருடம் விசாரித்தார்கள்.
விசாரணை முடிந்தபோது
நுரையீரல் தேங்காய் நாராய்க் கிடந்தது.

'தூசு பாதிக் காரணம்' என்றார் டாக்டர் தேவ்தர்.
'மீதி, நீங்கள் பிறக்கும்போதே கொண்டுவந்தது.'

யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியும்.
மித்தி ஆறு தாராவிக்குள் வந்த ஜூலையில்
கழுத்தளவு தண்ணீரில் தோல் கட்டுகளைத் தூக்கினார் அப்பா.
சந்து முழுக்கக் காய்ச்சல். மூன்று பேர் போனார்கள்.
அவருக்கு ஒரு தும்மல் இல்லை.
'நம்ம ரத்தம் அப்படி' என்பார்
முழங்கையைத் தட்டிக் காட்டி.

அதுதான் இப்போது பிரச்சினை, அப்பா.

போன மார்ச்சில், சிக்னல் எல்லாம் பச்சையாக,
நாசிக்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
யாருடையது என்று சொல்லமாட்டார்கள்.
திராட்சைத் தோட்டத்துக் காற்று
ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
டிக்கெட் இல்லை, அடையாள அட்டை இல்லை,
என் விலா எலும்புக்குள் ஜன்னலோர இடம்.

எட்டு மணி மாத்திரை காவலர்களைத் தூங்கவைக்கும்.
முழுசாகத் தூங்கினால் பூஞ்சை நுழையும்.
முழித்துக்கொண்டால் பெட்டியில் வந்ததைக் கடிக்கும்.
அரைத்தூக்கம்தான் வைத்தியம்.

ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வந்த ஷ்ருதகீர்த்தி
இரண்டு குழாய் கூடுதலாக எடுத்தாள்.
இத்தனை நாள் வந்த பொருளையே சோதித்தார்களாம்:
கொடுத்தவர் வயசென்ன, புகைத்தாரா,
எத்தனை மணி நேரம் ஐஸில்.
இவர்கள் வாசலில் நிற்பவர்களைப் பார்க்கிறார்கள்.
அதே மருந்து, அதே கத்தி.
ஒருவருக்குப் பத்து வருடம், ஒருவருக்கு இரண்டு.
வாங்கிக்கொண்டவரின் மரபணுவில்
எங்கோ ஓர் எழுத்து பிசகியிருந்தால்
காவலரின் கை சற்று நீளமோ என்று சந்தேகம்.

'என் எழுத்து எது?'
'தனியாகச் சொல்லக்கூடாது ஆன்ட்டி.
நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.'
கூட்டத்திலிருந்து ஒரு ஆளை உருவி நிறுத்தியே
சம்பளம் வாங்கியவளிடம் சொல்கிறாள்.

ஒப்புதல் தாள் மராத்தியில்.
கையெழுத்தைத் தமிழில் போட்டேன்.

வீட்டு ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று.
வெளியே ஒரு புறா
கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்க்கிறது.
அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

யோசித்தால்,
கல்யாணில் வண்டி மாறி வந்த அந்த நாசிக்காரர்
ஒருநாள் என்னிடமே அகப்பட்டிருக்கலாம்.
இருநூற்றைம்பது ரூபாய். ரசீது கிழித்திருப்பேன்.
முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன்.

இரவு ஒன்பதாகப் போகிறது.
குழாயை வாயில் வைப்பதற்கு முன்
உள்ளே நிற்பவர்களிடம்
பத்தொன்பது வருடத்தில் சொல்லாத சொல்லைச்
சொல்லிப் பார்க்கிறேன்:
ஜானே தோ.

சரியாக வரவில்லை. அதட்டுவதுபோல் இருக்கிறது.
இன்னொரு முறை.